இணக்கமும் உரிமையும்: பூனா ஒப்பந்தம் நமக்குத் தரும் பாடம்

நமது கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், சங்கத்திற்கு வந்து போகும் இளைஞர்கள் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றை ஈண்டு ஆராய விழைகிறோம். “நம்மை எதிர்த்து நின்றவர்களோடு நம் தலைவர்கள் ஒரே மேசையில் அமரலாமா? அஃது உரிமையை விற்பதாகாதா?” என்பதே அவ்வினா. வெறும் உணர்ச்சியால் இதற்கு விடை கூறிவிட இயலாது. வரலாற்றைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும்.

நாம் வாழும் இக்காஞ்சி நகரமே இத்தகைய சோதனையைக் கண்ட ஊராகும். 1925 நவம்பரில் திரு.வி.க. அவர்கள் தலைமையில் இங்குக் கூடிய காங்கிரஸ் மாகாண மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் வேண்டுமென்னும் தீர்மானத்தைப் பெரியார் ஈ.வெ.ரா. கொண்டுவந்தார். அதற்கு இடமளிக்கப்படவில்லை. அவர் வெளியேறினார். இணங்கிப் போக வழியில்லை எனக் கண்டவர் எடுத்த முடிவு அது. ஏழாண்டுகள் கழித்து நம் முன்னோர் மூவர் வேறொரு முடிவை எடுக்க நேர்ந்தது.

அம்மூவருள் இருவர் நம் பக்கத்து மண்ணின் மைந்தர்கள். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்து, 1893இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் ஒருவர். பரங்கிமலையில் பிறந்து, ஆசிரியராகப் பணியாற்றி, சட்டசபைக்குச் சென்ற எம்.சி. ராஜா மற்றொருவர். மூன்றாமவர் அண்ணல் அம்பேத்கர்.

1930ஆம் ஆண்டும் 1931ஆம் ஆண்டும் இலண்டனில் நடைபெற்ற வட்டமேசை மாநாடுகளில் அண்ணலும் சீனிவாசனாரும் தாழ்த்தப்பட்டோர்க்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டுமென வாதாடினர். நம் பிரதிநிதியை நம் வாக்காளர் மட்டுமே தேர்ந்தெடுக்கும் முறை அது. எம்.சி. ராஜா அவர்களோ 1932இன் தொடக்கத்தில் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் உடன்பாடு கண்டு, இட ஒதுக்கீட்டுடன் கூடிய கூட்டுத் தொகுதியே போதும் என்றார். ஒரே சமூகத்தின் தலைவர்கள் இருவேறு திசைகளில் நின்றனர். இதனை மறைக்க வேண்டுவதில்லை. இருவரும் நம் நன்மையையே நாடினர்; வழியில்தான் வேறுபட்டனர்.

1932 ஆகஸ்டு 16இல் பிரிட்டிஷ் பிரதமர் மக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, தனித் தொகுதியை வழங்கியது. அதனை எதிர்த்து எரவாடா சிறையில் செப்டம்பர் 20இல் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். அவர் உயிருக்கு ஊறு நேர்ந்தால் நாடெங்கும் சிற்றூர்களில் சிதறிக் கிடந்த நம் மக்கள் என்ன ஆவார்கள் என்ற அச்சம் அண்ணலின் முன் நின்றது. செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மாளவியா, இராஜாஜி முதலியோருடன் நம் தலைவர்கள் மூவரும் அதில் ஒப்பமிட்டனர்.

அவ்வொப்பந்தத்தால் பெற்றது என்ன, இழந்தது என்ன? தனித் தொகுதியை இழந்தோம். சென்னை மாகாணத்தில் தீர்ப்பு வழங்கிய 18 இடங்கள் 30 ஆயின. மாகாணங்கள் அனைத்திலும் 148 இடங்கள் எனக் குறிக்கப்பட்டன. நம் வாக்காளர் முதனிலைத் தேர்தலில் நால்வரைத் தெரிவு செய்வர். அந்நால்வருள் ஒருவரை எல்லோரும் கூடித் தேர்ந்தெடுப்பர். ஆகவே இறுதிச் சொல் பெரும்பான்மையினருடையதாயிற்று. அண்ணல் பின்னாளில் இவ்வொப்பந்தத்தைக் கடுமையாகச் சாடியதற்கு இதுவே காரணம். 1946 தேர்தலில் அவர் கண்ட ஷெட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்பு தோல்வியுற்றபோது, அவர் அஞ்சியது மெய்யாயிற்று.

கல்விச் சங்கத்தினராகிய நாம் சிறப்பாகக் கருத வேண்டிய பிரிவொன்றும் அவ்வொப்பந்தத்தில் உண்டு. ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வி மானியத்திலிருந்து ‘போதிய’ தொகை தாழ்த்தப்பட்டோர் கல்விக்கு ஒதுக்கப்படும் என்று அது கூறிற்று. எவ்வளவு போதும் என்று எங்கும் எழுதவில்லை. 30 என்று எண்ணால் எழுதப்பட்ட இடங்கள் 1937 தேர்தலில் அப்படியே வந்து சேர்ந்தன. ‘போதிய’ என்று சொல்லால் எழுதப்பட்டதோ, ஆட்சியாளரின் மனத்தைப் பொறுத்ததாகி நின்றது. வாக்குறுதிக்கும் உரிமைக்கும் உள்ள தொலைவை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு சான்று வேண்டுமோ?

எம்.சி. ராஜா அவர்களும் அத்தொலைவை உணர்ந்தார். 1938இல் பொது இடங்களில் நமக்கிருந்த தடைகளை நீக்கும் அவரது மசோதா சட்டமாயிற்று. ஆனால் அவர் கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதாவை, அவர் நம்பி இணங்கிய காங்கிரசாரின் அமைச்சரவையே ஆதரிக்கவில்லை, அது தோற்றது. மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது. 1943இலேயே மறைந்துவிட்ட அப்பெரியார் அதனைக் காணவில்லை.

அப்படியாயின் இணக்கமே தீதா? அல்ல. தாம் வாழ்நாளெல்லாம் எதிர்த்த காங்கிரசின் ஆதரவோடு 1947இல் அரசியல் நிர்ணய சபைக்கு மீண்டும் சென்றவரும் அதே அண்ணல்தான். சட்ட அமைச்சராக அமர்ந்தார். வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவு அரசியலமைப்பில் இடம்பெற்றது. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டபோது, தாழ்த்தப்பட்டோர் புறக்கணிக்கப்படுவதையும் எடுத்துக்காட்டி, 1951 செப்டம்பரில் பதவியை உதறி எழுந்தார். அமரவும் தெரிந்தவர்; எழவும் தெரிந்தவர்.

பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் சேலையின் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து கோர்வையால் இணைப்பதை நாம் நாளும் காண்கிறோம். இணைந்த பின்னும் கரை தன் நிறத்தை இழப்பதில்லை. கோர்வை தளர்ந்தாலோ சேலை அங்கேதான் கிழியும். அரசியல் இணக்கமும் அத்தகையதே.

ஆதலால் இளைஞர்களே, எதிர்த்தரப்பினரோடு பேசுகின்ற தலைவரை உடனே துரோகி என்று ஏசாதீர்கள். உடனே போற்றவும் செய்யாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பெறுவது எண்ணாலும் காலக் கெடுவாலும் எழுதப்பட்டுள்ளதா? நம் பிரதிநிதி யாருக்குக் கடமைப்பட்டவராகிறார், நமக்கா பிறர்க்கா? ஒப்பந்தம் மீறப்பட்டால் எழுந்து வருவதற்கு அவருக்குத் துணிவு உண்டா?

இக்கேள்விகளைக் கேட்பதற்கு ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். கணக்குப் பார்க்கத் தெரிய வேண்டும். ‘போதிய’ என்னும் சொல்லைக் கண்ட இடத்தில் ‘எவ்வளவு?’ என்று வினவத் தெரிய வேண்டும். நம் சங்கம் 25 ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்து வருவது இதற்காகவே. கற்போம், கற்றதைக் கொண்டு கேட்போம்.