ரத்தத்தில் மிதக்கும் ஐம்பது எழுத்து

பார்டனெல்லா ஹென்சலே பூனையிடமிருந்து மனிதருக்கு வரும் கிருமி. பூனை கீறினால் உடலுக்குள் புகும். ஏற்கெனவே பழுதான இதய வால்வு இருந்தால் சிலருக்கு அங்கேயே தங்கிவிடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் அடிக்கும், எடை குறையும். ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினால் பெரும்பாலும் 'வளர்ச்சி இல்லை' என்றுதான் பதில் வரும். வழக்கமான கல்ச்சர் பாட்டிலில் இது எளிதில் வளராது.

ஆனால் வால்வில் கிருமிகள் செத்துக்கொண்டேதான் இருக்கின்றன. ஒன்று சாகும்போது, அதன் 19 லட்சம் எழுத்து நீள டி.என்.ஏ. உடைந்து சிதறுகிறது. அதில் ஐம்பது எழுத்து நீளமுள்ள ஒரு துணுக்கு ரத்த ஓட்டத்தில் கலக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஆயுள் குறைவு. ரத்தத்தில் மிதக்கும் இத்தகைய துணுக்குகளில் பாதி, சில நிமிடங்களிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அழிந்துவிடும். அதற்குள் நர்ஸின் ஊசியில் சிக்கினால்தான் அது டியூபுக்குள் போகும்.

ரத்தத்தில் இப்படி டி.என்.ஏ. மிதப்பதை 1948-லேயே பிரான்சில் மாண்டெலும் மெட்டேயும் எழுதிவிட்டார்கள். அன்று யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1997-ல் டென்னிஸ் லோ, கர்ப்பிணியின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ.வைக் கண்டுபிடித்தார். பிறகு ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் குவேக்கின் ஆய்வகத்தில், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களின் ரத்தத்தில் கிருமிகளின் துணுக்குகளையும் படிக்கத் தொடங்கினார்கள். அந்த வழியில் பிறந்ததுதான் கலிபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் இருக்கும் கேரியஸ் நிறுவனம். நம் துணுக்கு இப்போது கூரியரில் அங்கேதான் போகிறது.

முதலில் டியூபைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுகிறார்கள். சிவப்பணு அடியில் படிய, மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா தெளிகிறது. அதிலுள்ள துணுக்குகள் அனைத்தையும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றின் இரு முனையிலும் அடையாளத் துண்டு ஒட்டுகிறார்கள். கூட்டத்தில் பெரும்பகுதி நோயாளியின் சொந்த டி.என்.ஏ. அவை சுமார் 167 எழுத்து நீளம். கிருமியுடையவை அவற்றைவிடக் குட்டையானவை, எண்ணிக்கையிலும் மிகச் சொற்பம். பிறகு கண்ணாடித் தகட்டில் துணுக்குகளை நகலெடுக்கிறார்கள். ஒவ்வோர் எழுத்து சேரும்போதும் ஒளி மின்னுகிறது. கேமரா படம் எடுக்கிறது. நம் துணுக்கின் ஐம்பது எழுத்தும் இப்படித்தான் வெளிவருகின்றன.

அடுத்தது கணினியின் வேலை. மனித எழுத்து வரிசைகளைக் கழித்துவிட்டு, மிச்சத்தைக் கிருமிகளின் தொகுப்போடு ஒப்பிடுகிறது. 2019-ல் இந்தச் சோதனையை விவரித்த ஆய்வுக்கட்டுரையின்படி, அது 1,250 கிருமிகளை அடையாளம் காணும். ரசாயனக் கிட்டுகளிலும் ஆய்வக நீரிலும்கூடக் கிருமி டி.என்.ஏ. ஒட்டியிருக்கும் என்பதால் அதையும் கழிக்க வேண்டும். என் பார்வையில் முழுப் பயணத்திலும் கடினமான கட்டம் இதுதான். இங்கே தவறினால், இல்லாத நோய்க்கு மருந்து போகும்.

ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு கல்ச்சர் பல நேரம் கைவிட்டுவிடும். உயிருள்ள கிருமி இருந்தால்தானே வளரும்? இந்தச் சோதனைக்குச் செத்த கிருமியே போதும். இதன் பெரிய பலம் அதுவே. ஆனால் டி.என்.ஏ. இல்லாத டெங்கு வைரஸ் இதன் கண்ணில் படவே படாது.

ரிப்போர்ட்டில் கிருமியின் பெயரும், ஒரு மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவில் அதன் துணுக்குகள் எத்தனை என்ற எண்ணும் வரும். அது நோய்க்குக் காரணமா, குடலிலிருந்தோ வாயிலிருந்தோ சும்மா கசிந்ததா என்பதை எண் சொல்லாது. அமெரிக்காவில் ஐந்து மருத்துவ நிறுவனங்களில் செய்த 82 சோதனைகளை ஆராய்ந்தபோது, 7.3 சதவீதத்தில்தான் சிகிச்சைக்கு நன்மை கிடைத்தது, 3.7 சதவீதத்தில் பாதகம், 86.6 சதவீதத்தில் எந்த மாற்றமும் இல்லை. எல்லாக் காய்ச்சலுக்கும் இதை எழுதிக்கொடுக்கக் கூடாது என்று நான் நினைப்பதற்கு இந்த எண்கள் ஒரு காரணம். கல்ச்சரில் ஒன்றும் வளராத, வால்வில் சதை போலக் கிருமித்திரள் தெரிகிற நோயாளிக்கோ கதை வேறு. பார்டனெல்லா என்று பெயர் வந்தால் டாக்டர் பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்பார், ஆன்டிபாடி சோதனையும் எழுதுவார், இரண்டும் ஒத்துப்போனால் டாக்சிசைக்ளினைத் தொடங்குவார்.