ஊர்ச் சொத்தும் நோட்டரி முத்திரையும்

கடையநல்லூர், தென்காசி, நாகூர், கூத்தாநல்லூர் என்று பல ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்குச் சபர் வந்த நம் முன்னோர், சம்பாதித்ததில் ஒரு பங்கை ஊரில் வீடாகவும் நிலமாகவும் போட்டு வைத்தார்கள். ஆள் இங்கே, சொத்து அங்கே. கிரயத்துக்கும் பாகப்பிரிவினைக்கும் ஒவ்வொரு தடவையும் கப்பலேற முடியுமா? அதற்கு வழியாக இருந்தது பவர் பத்திரம். அந்தப் பத்திரத்தை ஊர்ச் சார்பதிவாளர் ஏற்கும்படி செய்தது நோட்டரியின் முத்திரை.

இதற்கு அடிப்படை 1908ஆம் ஆண்டின் இந்தியப் பதிவுச் சட்டம். வெளிநாட்டில் இருப்பவர் தம் சார்பில் பத்திரம் பதிய ஒருவருக்குப் பவர் கொடுத்தால், அதை நோட்டரி, நீதிபதி அல்லது இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் எழுதிக்கொடுத்துச் சான்று பெற வேண்டும் என்கிறது அதன் 33ஆம் பிரிவு. பாட்டனார் காலத்து விதிதான் இன்றும்.

சிங்கப்பூரில் நோட்டரி என்பவர் அனுபவமுள்ள வழக்கறிஞர். வீட்டிலேயே கையெழுத்திட்டு எடுத்துப்போனால் செல்லாது; அவர் கண்ணெதிரே போட வேண்டும். கடப்பிதழைப் பார்ப்பார். படிக்கத் தெரியாத பெரியவர் என்றால், அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துச் சொல்லி, விளங்கியதா என்று கேட்ட பிறகே கைநாட்டு. நகலென்றால் அசலோடு ஒப்பிடுவார். பிறகு தம் சான்றிதழை இணைத்து முத்திரை இடுவார்.

இன்னார் என் முன்னே கையெழுத்திட்டார் என்பதுதான் அந்த முத்திரையின் பேச்சு. சொத்து அவருடையதா, பங்கு நியாயமா என்று அது சொல்லாது. சரக்குப் பெட்டியின் சீல் மாதிரி. உள்ளே இருக்கும் அரிசியின் தரத்துக்கு சீல் பொறுப்பில்லை.

நம் குடும்பங்கள் அடிபட்டது இங்கேதான். நம்பிக்கையின் பேரில் பொதுப் பவரில் கையெழுத்திட்ட சகோதரிகள், மார்க்கம் கொடுத்த பங்கு விலைபோன பிறகு விஷயம் அறிந்ததுண்டு. என்னைக் கேட்டால், சர்வே எண் குறித்து ஒரே காரியத்துக்குக் கொடுக்கும் தனிப் பவரே மேல். கொடுத்தவர் மவுத்தானால் பவரும் பொதுவாக முடிந்துவிடும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. வாப்பா காலத்துப் பவரை வைத்து இன்று விற்க முடியாது.

முன்பு நோட்டரியின் தாள் சிங்கப்பூர் சட்டக் கழகம், வெளியுறவு அமைச்சு, தூதரகம் என்று வாசல் வாசலாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. 2019 அக்டோபர் முதல் நோட்டரி சான்றிதழ் எல்லாமே சட்டக் கழகத்தின் உறுதிச்சான்றோடு வர வேண்டும் என்றானது. 2021 செப்டம்பர் 16 அன்று அப்போஸ்டில் முறை இங்கே நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2005இலேயே அதில் சேர்ந்துவிட்டதால், இரு நாட்டுக்கும் இடையே அந்த ஒரே சான்று போதும்.

பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கூரியர் உறையைத் தூக்கி எறியாதீர்கள்; வந்து சேர்ந்த தேதிக்கு அதுதான் அத்தாட்சி.