வாப்பாவின் ஆயுதப் பெட்டி



உள்ளூர்க் கைத்தொழில் பற்றிப் படிப்பிப்பதற்காக, போன கிழமை எட்டாம் தரத்துக்கு ஒரு நாடாவைக் கொண்டு போனேன். ஒரு பிள்ளைக்கும் அது என்னவென்று தெரியவில்லை. ஒருவன் "தோணியா சேர்?" என்று கேட்டான். மருதமுனையில் பிறந்த பிள்ளை! அவனில் குற்றம் சொல்ல மாட்டேன். நமது ஊர் வரலாறு என்று எழுதப்படுவதில் புலவர்கள், ஆலிம்கள், அதிபர்கள், அரசியல்வாதிகள் எல்லாரும் வருகிறார்கள். தறி திருத்தியவர் வருவதில்லை. அதனால்தான் என் வாப்பாவைப் பற்றி எழுதுகிறேன்.

வாப்பா நெசவாளி அல்ல, நெசவாளியின் புருஷன். நம்மூர் வழக்கப்படி கலியாணம் முடித்து உம்மாவின் வீட்டுக்கு வந்தபோது, தாவாரத்தில் உம்மாவின் தறி நின்றது. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலம். வெளிநாட்டுத் துணிக்குக் கட்டுப்பாடு இருந்ததால் உள்ளூர்ச் சாரனுக்கும் சேலைக்கும் நல்ல கிராக்கி. விடிந்தால் தெரு முழுக்கத் தறிச் சத்தம்தான். தறி ஒரு நாள் நின்றால் அன்றைய உலைக்கு அரிசி இல்லை.

நாடாவின் இரண்டு நுனியிலும் இரும்புக் கூர் இருக்கும். அதில் மயிரளவு பிசிறு இருந்தாலும் பாவு நூலை அறுத்துவிடும். ஒரு நூல் அறுந்தால் சாரனில் கோடு விழும். கோடு விழுந்தால் வியாபாரி விலையைக் குறைப்பார். உம்மாவின் நாடா இப்படி அறுத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்துத்தான், பழைய சைக்கிள் அச்சை அராவிக் கூர் செய்து பழகினாராம். பிறகு பக்கத்து வீட்டுத் தறி, அதற்கடுத்த வீட்டுத் தறி என்று வேலை தானாக வந்தது.

1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. மலிவான துணி கடைகளில் குவிந்தது. தறிகள் ஒவ்வொன்றாக மௌனமாகின. தறி இல்லாத ஊரில் தறி திருத்துபவருக்கு என்ன வேலை? வாப்பா பெற்றோமெக்ஸ், தண்ணீர்ப் பம்பு, தையல் மெசின், றேடியோ என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் கழற்றிப் பார்த்தார். றேடியோவில் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் திருத்திய ஒரு பெட்டி பிறகு ஒரேயொரு அலைவரிசையைத்தான் பிடித்தது. "நோன்பு திறக்க அது போதும்தானே" என்று சமாளித்தார்.

அடுத்த வருடம், 1978 நவம்பர் 23, கிழக்குக் கரையில் சூறாவளி. ஓடும் கிடுகும் பறந்தன, தென்னைகள் சாய்ந்து கிடந்தன. அந்த மரங்களையே வாளால் அறுத்து வளை போட்டு, எத்தனையோ வீடுகளுக்குக் கூரை ஏற்றினார். கூலி கேட்கவில்லை. உம்மா இன்றும் குறைப்படுவது அதைத்தான்: "ஊருக்குக் கூரை போட்டாரு, எங்கட கூரைக்குள்ளால நிலாத் தெரிஞ்சது."

உண்மைதான். தாத்தா இருவருக்கும் சீதன வீட்டை அத்திவாரம் முதல் முகடு வரை தன் கையாலேயே கட்டினார். ஆனால் எங்கள் வீட்டுப் பின்கதவு ஒருநாளும் ஒழுங்காகச் சாத்தியதில்லை. "நாளைக்குப் பார்ப்பம்" என்பார். அதற்கு ஒரு கல்லைத்தான் முட்டுக் கொடுப்போம்.

யுத்த காலத்தில் நாட்கணக்கில் மின்சாரம் இருக்காது. பற்றரி கிடைப்பதும் கஷ்டம். தீர்ந்த பற்றரிகளை வெயிலில் காயவைத்து, ஏழெட்டை ஒன்றாகக் கட்டி றேடியோவுக்கு உயிர் கொடுப்பார். வானொலியில் மஃரிப் பாங்கு கேட்கும் வரைக்கும் அது தாக்குப்பிடித்தால் போதும். அண்டை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் முற்றத்தில் பேரீச்சம்பழத்தோடு குந்தியிருப்பார்கள்.

2004 டிசம்பர் 26 பற்றி நமது ஊராருக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் குடும்பம் உயிரோடு தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். தாவாரமும் தறியும் போய்விட்டன. நெய்தது விற்காத காலத்திலும் உம்மா அந்தத் தறியை விட்டதில்லை. அது போன பிறகு உம்மா பேச்சைக் குறைத்துவிட்டா. சாப்பிடு என்றால் சாப்பிடுவா, அவ்வளவுதான்.

கரையில் ஒதுங்கிய மரங்களை வாப்பா இழுத்து வந்து அடுக்கினார். அன்றைக்கு நான் சத்தம் போட்டேன்: "வீடு இல்லாம நிக்கிறம், விறகு பொறுக்கிறீங்களா?" அவர் பதில் சொல்லவில்லை. பள்ளிவாசலில் அறிவிக்கச் சொன்னார்: இன்ன மரங்கள் என்னிடம் இருக்கின்றன, உரியவர்கள் வந்து எடுக்கலாம் என்று. சிலர் வந்து கதவு நிலைகளை எடுத்துப் போனார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து, யாரும் கேட்டு வராத மரத்தில்தான் கை வைத்தார். ஆயுதப் பெட்டியும் கடலோடு போயிருந்தது. இரவல் வாளும் உளியும்தான். தறி எழுந்து நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. நான் போட்ட சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்கவேயில்லை. கேட்டிருக்கலாம்.

உம்மா அதில் முதலில் நெய்த சாரனை வாப்பா பெருநாளைக்கு உடுத்தார். ஓரத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. நாடாவின் கூரை இன்னும் கொஞ்சம் அராவியிருக்க வேணும் என்று தொழுகைக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவர் மௌத்தாகி ஏழு வருடமாகிறது. உங்கள் வீடுகளில் அவர் செய்த நாடா, கதவு, திருத்திய விளக்கு ஏதாவது இருந்தால் ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். பாடசாலையில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். திருத்தக் கொடுத்துத் திரும்பக் கிடைக்காதவர்களும் சொல்லலாம், பழைய பெட்டிகளில் தேடிப் பார்க்கிறேன்.

பின்கதவுக்குப் போன வருடம் புதுப் பூட்டுப் போட்டோம். உம்மா இன்னும் கல்லைத்தான் வைக்கிறா.