டிராயிங் ஹாலும் ஒரு பீரங்கியும்

நண்பர்களே, நம்ம டிராயிங் ஹால் ஞாபகம் இருக்கிறதா? வெட்டிய கூம்பின் இரண்டு தோற்றங்களைச் சின்னதாக ஷீட்டின் மூலையில் போட வேண்டும். மறந்தால் மார்க் போச்சு! "இத்தனூண்டு குறிக்கா இந்தப் பாடு?" என்று முணுமுணுத்தவர்களில் அடியேனும் ஒருவன்.

வேலைக்குப் போன முதல் வருஷமே எனக்குப் பதில் கிடைத்தது. அந்தக் குறியைக் கவனிக்காமல் ஒரு வரைபடத்தைப் படித்துவிட்டேன். முதற்கோண முறையில் இடப்பக்கத் தோற்றத்தை வலது புறம் வரைவார்கள். மூன்றாங்கோண முறையில் இடது புறமே வரைவார்கள். நான் மாற்றிப் புரிந்துகொண்டதில் துளை எதிர்ப்பக்கம் விழுந்தது. 12 காஸ்டிங்குகள் ஸ்கிராப்! அந்த வெட்கத்தில்தான் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

போஃபர்ஸ் என்றால் நமக்கு 1987 பத்திரிகைச் செய்திகள்தான் நினைவுக்கு வரும். அதே சுவீடன் கம்பெனியின் 40 மி.மீ. விமான எதிர்ப்பு பீரங்கி, இரண்டாம் உலகப் போரில் பெயர் பெற்றது. அமெரிக்கக் கடற்படை 1941-இல் அதற்கு உரிமம் வாங்கியது. வந்த வரைபடங்களோ மெட்ரிக் அளவில், முதற்கோண முறையில் இருந்தன. அங்கே அங்குலமும் மூன்றாங்கோணமும்தான் வழக்கம். எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டியதாயிற்று.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. "பொருத்தும்போது ராவிச் சரிசெய்க" என்ற குறிப்பு பல இடங்களில் இருந்தது. இது சுவீடன்காரர்களின் குறை அல்ல. அங்கே தேர்ந்த ஃபிட்டர் கையில் அரம் இருந்தது. மீதி விவரம் அவர் விரலில் இருந்தது. போர்க்காலத் தொழிற்சாலையில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கு அந்த விரல் ஏது? ஆகவே ஒவ்வோர் அளவுக்கும் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று தாளிலேயே எழுத வேண்டியிருந்தது. அப்படி எழுதிய பிறகுதான் கிறைஸ்லர் என்ற மோட்டார் கம்பெனியால் சுமார் 60,000 பீரங்கிகளும் 1,20,000 குழல்களும் செய்ய முடிந்தது.

நேச நாடுகளுக்குள்ளேயே மரை கூட ஒத்துப்போகவில்லை! பிரிட்டனின் விட்வொர்த் மரைக்கு 55 டிகிரி, அமெரிக்க மரைக்கு 60 டிகிரி. அரை அங்குல போல்ட்டில் அங்கே அங்குலத்துக்கு 12 மரை, இங்கே 13. ஒருவர் நட்டு மற்றவர் போல்ட்டில் ஏறாது. போர் முடிந்து, 1948 நவம்பரில்தான் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் பொது மரைக்கு ஒப்பந்தம் போட்டன.

இன்று கம்ப்யூட்டரே அந்தக் குறியைப் போட்டுவிடுகிறது. ஆனாலும் வரைபடம் கைக்கு வந்தால் என் கண் முதலில் அந்த மூலைக்குத்தான் போகிறது. அன்று மார்க் குறைத்த நம் ஆசிரியர்களுக்கு, 12 காஸ்டிங்குகள் தாமதமாக, என் வணக்கம்.