மின்னணு இசைத்தட்டுகளின் மறுபதிப்பு

சிறிய இசை நிறுவனங்கள் மின்னணு இசையைச் சில நூறு படிகள் மட்டும் வினைல் தட்டாக அச்சிட்டு வெளியிடுவது எண்ணிக்கை வரையறுத்த பதிப்பு எனப்படும். 1970, 80களின் தமிழ்த் திரையிசையும் இத்தகைய சிறு நிறுவனங்கள் வழியாக ஐரோப்பாவில் மறுபதிப்புப் பெற்றுள்ளது.

சேலம், நாமக்கல் பின்னணி

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். திரைப்பாடல்கள் இப்பகுதியின் ஊர்களை அடைந்ததில் இசைத்தட்டுக்குப் பெரும் பங்குண்டு. கல்யாணம், காதுகுத்து, ஆடி மாத மாரியம்மன் பண்டிகை என எதுவானாலும் ரேடியோ செட்டுக்காரர் தட்டுப் பெட்டியுடன் வந்து குழாய் ஒலிபெருக்கியைக் கட்டுவார். வீட்டில் கிராமபோன் இல்லாதவர்களும் இவ்வாறு பாட்டுக் கேட்டனர். திரும்பத் திரும்ப ஓடிய தட்டுகள் ஊசி பட்டுத் தேய்ந்தன. 1980களில் ஒலிநாடா பரவியதும், எஞ்சியவை பரணுக்கும் பழைய பொருள் கடைக்கும் போயின.

மின்னணு இசையின் வருகை

1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசர் நிறுவப்பட்டது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அதற்கு உதவினார். 1982இல் மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங், பத்து இராகங்களை ரோலண்ட் மின்னணுக் கருவிகளில் டிஸ்கோ தாளத்துடன் வாசித்துப் பதிவுசெய்தார். எச்.எம்.வி. வெளியிட்ட அத்தட்டு அன்று அதிகம் விற்கவில்லை. தமிழில் இளையராஜா சிந்தசைசரைத் திரைப்பாடல்களில் பரவலாகப் பயன்படுத்தினார். அவர் இசையமைத்த 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' ஆகிய படங்கள் 1986இல் வெளிவந்தன.

மறுபதிப்புகள்

சரண்ஜித் சிங்கின் தட்டை நெதர்லாந்தின் பாம்பே கனெக்‌ஷன் நிறுவனம் 2010இல் மீண்டும் வெளியிட்டது. சிகாகோவில் 1980களின் நடுவில் உருவான ஆசிட் ஹவுஸ் இசையை ஒத்த ஓசை அதில் முன்பே இருந்ததை உலக இரசிகர்கள் அப்போதுதான் கவனித்தனர். அந்நிறுவனமே இளையராஜாவின் பாடல்களை 'இலெக்ட்ரோ' என்ற தொகுப்பாக வெளியிட்டது. பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் 'சொல்ல சொல்ல' என்ற தொகுப்பை அளித்தது. அகமதாபாத் ஒலிநாடாக்கள் 2023இல் தட்டாயின.

சில நூறு படிகள் ஏன்?

வினைல் தட்டுக்கு முதலில் அரக்குப் பூச்சுத் தகட்டில் ஒலிக்கோடு வெட்டப்படுகிறது. அதிலிருந்து நிக்கல் அச்சு எடுத்து, சூடான வினைலை அழுத்துகின்றனர். படி பத்தானாலும் ஆயிரமானாலும் அச்சுச் செலவு ஒன்றே. ஆகவே மிகக் குறைவாக அச்சிட்டால் விலை கட்டாது. மிகுதியாக அச்சிட்டால் விற்காமல் தேங்கும். சிறு நிறுவனங்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையைத் தேர்கின்றன.

பாதுகாப்புச் சிக்கல்

மறுபதிப்பு ஒரு பாடலை அழிவிலிருந்து காக்கிறது. ஆனால் படிகள் குறைவென்பதால் அவை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடமே பெரும்பாலும் சேர்கின்றன. அதே பாடலைத் திருவிழாவில் கேட்டு வளர்ந்த ஊருக்கு அத்தட்டு எட்டுவது அரிது. மூல நாடா கிடைக்காதபோது, நன்னிலையிலுள்ள பழைய தட்டிலிருந்தே ஒலியை எடுக்க வேண்டியிருக்கும். எனவே பரணில் கிடக்கும் ஒரு தட்டும் வரலாற்று ஆவணமே. உறை, நடுத்தாள், அதன் அருகே பொறித்த எண் ஆகியவை பதிப்பை அடையாளம் காண உதவும். தட்டுகளை அடுக்கிப் படுக்க வைக்காமல், வெயில் படாத இடத்தில் நிறுத்தி வைத்தால் அவை வளையாமல் நெடுங்காலம் இருக்கும்.