இணையதள இடமாற்றம்
இணையதள இடமாற்றம் என்பது இயங்கும் தளத்தின் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் பொதுப் பார்வைக்கு வராத உருவாக்கச் சூழலில் படியெடுத்து, அங்கே மாற்றிச் சோதித்த பின்னர் மக்கள் பயன்பாட்டுக்குத் திறக்கும் முறையாகும். நீலகிரி மாவட்டத்தின் தளம், அரசுத் தளங்களுக்கெனத் தேசியத் தகவலியல் மையம் ஆயத்த வார்ப்புருக்களுடன் அமைத்த எஸ்3வாஸ் கட்டமைப்பில் இயங்குகிறது. இத்தகைய புதிய கட்டமைப்புக்குப் பழைய தமிழ்த் தளங்களைப் பெயர்க்கும்போது, எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் குறியாக்கமே பெருஞ்சிக்கலாகிறது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் குறியாக்கங்களில் ‘கெ’ என்பதன் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னும், 2010இல் ஏற்கப்பட்ட யூனிகோடில் பின்னும் பதிவாவதால், மாற்றுநிரல் எழுத்துகளை மாற்றுவதோடு அவற்றின் வரிசையையும் திருத்த வேண்டும். இறுதியில், பழைய முகவரிகளைத் தேடி வருவோரைப் புதியவற்றுக்குத் திருப்பும் 301 ஆணை அமைக்கப்படுகிறது.