தவளைத்தோலும் செக்கெண்ணெயும்: தென்திருவிதாங்கூரின் தோல்நலம் பற்றிய ஒரு பழைய முடிவை மறுபரிசீலித்தல்

கொழும்பில் பணியாற்றிய மருத்துவ ஆய்வாளர் லூசியஸ் நிக்கல்ஸ், முழங்கை, முழங்கால், தொடை, புட்டம் ஆகிய இடங்களில் மயிர்க்கால்கள் அடைபட்டு, முள் முளைத்ததுபோல் தோல் சொரசொரப்பாகும் நிலைக்கு 1933-இல் 'ஃபிரைனோடெர்மா' என்று பெயரிட்டார். தேரைத்தோல் என்பது அதன் சொற்பொருள்; இங்கே தவளைத்தோல் என்கிறேன். பெயரோடு காரணத்தையும் அவரே சொன்னார்: உணவில் வைட்டமின் ஏ போதவில்லை. அந்தப் பெயரும் காரணமும் பிரியாமல் சேர்ந்தே பாடநூல்களில் ஏறின. தென்னிந்தியாவில் ஏழைகளின் தோலையும் முடியையும் பற்றிப் பின்னால் எழுதியவர்களில் பலர் அந்தக் காரணத்தையே மூலதனமாகக் கொண்டனர். பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியிக்காவிளை வட்டார மக்கள் உண்ட உணவோடு வைத்துப் பார்க்கும்போது இந்த முடிவு நிற்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். நிக்கல்ஸ் முற்றிலும் தவறினார் என்று நான் சொல்லவில்லை. ஒரே சத்தின் மீது அவர் வைத்த பார்வை, அதே தட்டில் குறைந்துபோன இன்னொன்றை, அதாவது எண்ணெயின் தரத்தை, இருபது ஆண்டுகள் மறைத்துவிட்டது என்கிறேன்.

நிக்கல்ஸின் இரண்டாவது கட்டுரையின் தலைப்பிலேயே சற்று நேரம் நிற்க வேண்டும். 1934-இல் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழில் வந்த அது, இலங்கையில் வைட்டமின் ஏ குறைபாடு குறித்த ஆய்வு என்று தொடங்கி, தவளைத்தோல், வாய்ப்புண் ஆகிய இரண்டும் எந்த அளவில் காணப்படுகின்றன என்ற புள்ளிவிவரத்தைச் சிறப்பாக நோக்குவதாக முடிகிறது. தலைப்பிலேயே தீர்ப்பு எழுதியாயிற்று. தோலின் சொரசொரப்பும் வாயோரப் புண்ணும் ஒரே குறையின் இரண்டு அடையாளங்கள். ஆகவே அவற்றை எண்ணினால் குறையையே எண்ணியதாகும் என்ற ஊகம் அதனுள் இருக்கிறது. ஆனால் இந்த இணை இரண்டே ஆண்டுகளில் உடைந்தது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் இருந்த டபிள்யூ. ஆர். அய்க்ராய்டும் பி. ஜி. கிருஷ்ணனும் 1936-இல், தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்ட வாய்ப்புண் வைட்டமின் பி2 குறைவால் வருவது என்று காட்டினர். இரண்டு அடையாளங்களில் ஒன்று ஏ-யின் கணக்கிலிருந்து பி2-வின் கணக்குக்கு மாறியது. அப்படியானால், அதே மக்களிடம், அதே எண்ணும் முறையில், அதே ஊகத்தின்மேல் பதிவான மற்ற அடையாளத்தையும் மறுபடி சோதித்திருக்க வேண்டாமா? வாய்ப்புண் கைமாறிப் போனபின்பும் தவளைத்தோல் மட்டும் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்ததற்கு ஆதாரத்தின் வலிமை காரணமன்று. பெயரின் வலிமையே காரணம் என்பது என் கருத்து.

அந்தக் காலச் சூழலும் அதற்கு உதவியது. கண்ணில் வெண்புள்ளி, மாலைக்கண், கருவிழி மென்மையாகிக் கண்ணே போய்விடுதல் என்று வைட்டமின் ஏ குறைவின் கொடுமை அன்று தென்னிந்தியா எங்கும் கண்முன் இருந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. கண்ணுக்கு ஏ காரணம் என்றால் தோலுக்கும் அதுவே என்று எண்ணுவது இயல்பு. 1930-களில் ஏ-யைக் கொடுக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் மீன் ஈரல் எண்ணெயையே கொடுத்தார்கள். அது தனியொரு சத்து அன்று. ஏ, டி ஆகியவற்றோடு பலவகைக் கொழுப்பமிலங்களும் சேர்ந்த கலவை. அதைக் குடித்தவரின் தோல் தெளிந்தால் எது தெளிவித்தது என்று அந்தச் சோதனையைக் கொண்டு மட்டும் சொல்ல இயலாது. இதே நியாயம் என் பக்கத்துக்கும் பொருந்தும்: மீன் ஈரல் எண்ணெயில் தோலுக்கு முக்கியமான லினோலெயிக் அமிலம் குறைவாகவே இருப்பதால், அந்தக் குணமடைதலை எனக்கான சான்றாகவும் நான் எடுத்துக்கொள்ள முடியாது.

நிக்கல்ஸின் முடிவை வலுவாக அசைத்தவை பின்னால் வந்தன. கொழுப்பே இல்லாத தீனி தின்ற எலிகளின் தோலும் வாலும் செதில் செதிலாக உரிவதை ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் அமெரிக்காவில் 1929-இலேயே கண்டு, சில கொழுப்பமிலங்கள் உடலுக்கு இன்றியமையாதவை என்று காட்டியிருந்தனர். அந்தச் செய்தி தென்னிந்தியத் தோல் ஆய்வை வந்து சேரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் தன்னார்வலர்கள் பல மாதங்கள் வைட்டமின் ஏ இல்லாத உணவை உண்டனர். 1949-இல் வெளியான அதன் அறிக்கைப்படி அவர்களில் சிலரின் இரவுப் பார்வை குன்றியது. தோல் மயிர்க்கால் மாற்றத்தை மட்டும் ஏ குறைவின் மேல் ஏற்ற முடியவில்லை. 1953-இல் வி. ராமலிங்கசுவாமியும் ஹியூ சின்க்ளேரும் எலிகளில் இரண்டு குறைகளையும் தனித்தனியாக உண்டாக்கி, மயிர்க்கால் தடிப்பை இன்றியமையாக் கொழுப்பமிலக் குறைவோடு தொடர்புபடுத்தினர். குன்னூர்க் கூடம் ஐதராபாத்துக்கு இடம் மாறியபின், 1967-இல் சீதாராம பட்டும் பவானி பேலவாடியும் தவளைத்தோல் நோயாளிகளின் இரத்தக் கொழுப்பை அளந்து பார்த்து, அத்தகைய இன்றியமையாக் கொழுப்பமிலமான லினோலெயிக் அமிலம் குறைந்திருந்ததைக் காட்டினர். எதிர்ச்சான்றும் உண்டு. 1974-இல் அமெரிக்காவில் சாபர்லிக் குழுவினர் நீண்ட காலம் ஏ நீக்கிய உணவு தந்த ஆண்கள் சிலரிடம் மயிர்க்கால் தடிப்பைக் கண்டனர். இதை ஒதுக்கித் தள்ளுவது நேர்மையாகாது. ஏ குறைவு தனித்தும் தவளைத்தோலை உண்டாக்கக்கூடும். ஆனால் நம் வட்டாரத்தில் உண்டாக்கியது அதுதானா என்பது வேறு கேள்வி.

இனி எல்லைப்புறத்துக்கு வருவோம். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போகும்வரை இரண்டும் திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின், அடுத்தடுத்த தாலுகாக்கள். பாறசாலைக்கும் களியிக்காவிளைக்கும் நடுவே கோடு விழுந்தது. சந்தையும் சமையலும் அந்தக் கோட்டைப் பொருட்படுத்தவில்லை. இங்குள்ள ஏழை வீட்டின் முதன்மை உணவு அரிசியிலிருந்து மரச்சீனிக்கு (மரவள்ளிக்கு) எப்போது சாய்ந்தது என்பதை ஓர் ஆண்டில் நிறுத்திச் சொல்ல இயலாது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தார் என்பதை வைத்து 1880-களையே மாற்றத்தின் தொடக்கமாகப் பலர் எழுதுகிறார்கள். அரசர் ஊக்குவித்த நாள் வேறு, அடுப்பில் ஏறிய நாள் வேறு. 1930-களில் ஊட்டச்சத்து ஆய்வாளர் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் எலிகளுக்குத் 'திருவிதாங்கூர் ஏழை உணவு' என்று கொடுத்ததில் மரச்சீனி நடுநாயகமாக இருந்தது. ஆக, அரை நூற்றாண்டு இடைவெளிக்குள் எங்கோ இந்த மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. அதைவிடக் குறுக்கிச் சொல்வது துணிச்சல். 1942-இல் பர்மா அரிசி நின்றபின் மரச்சீனியின் பங்கு மேலும் ஏறியது உறுதி. மெக்காரிசனும், 1922 எவரெஸ்ட் பயணத்துக்குப் பின் நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல்லும் இந்த உணவின் விளைவை வயிற்றுப்புண்ணில் தேடினார்கள். நெய்யூர் அறுவைக் கூடத்தில் குடற்புண் நோயாளிகள் குவிந்ததால் அது இயல்பே. எலியின் இரைப்பை ஆராயப்பட்ட அளவுக்கு மனிதத் தோல் ஆராயப்படவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அதில் 1 விழுக்காடாவது லினோலெயிக் அமிலமாகக் கிடைக்க வேண்டும். அது ஏறக்குறைய 2.2 கிராம். 1 கிலோ மரச்சீனி 1,570 கலோரி வரை தரும். ஆனால் அதிலுள்ள கொழுப்பு 2 கிராம்தான். அதில் பாதி லினோலெயிக் என்று தாராளமாகக் கொண்டாலும் 1 கிராம். தேங்காயெண்ணெயில் லினோலெயிக் 2 விழுக்காடு அளவே உள்ளதால், 20 கிராம் சேர்த்தாலும் கூடுவது 0.4 கிராம். இரண்டையும் சேர்த்தாலும் தேவையில் மூன்றில் இரண்டு பங்குதான் நிறைகிறது. கைக்குத்தல் அரிசி உண்ணும் வீட்டில் தவிட்டுக் கொழுப்பு ஒட்டியிருப்பதால் நிலைமை சற்று மேல். அதோடு காணப்பயறோ உளுந்தோ சேர்ந்தால் எல்லையை எட்டிவிடலாம். நல்லெண்ணெயில் லினோலெயிக் 40 விழுக்காட்டுக்கும் மேல். ஒரு கரண்டி, 6 கிராம் போதும், நாளின் தேவை முடிந்துவிடும். தேங்காயும் மரச்சீனியும் வீட்டு விளையிலேயே கிடைப்பவை. எள் வறண்ட நெல்லைச் சீமைக்கு ஏற்ற பயிர். இங்கே நல்லெண்ணெயைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஏழை வீட்டில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தேங்காயெண்ணெயில் லினோலெயிக் குறைவு என்பதால் தவளைத்தோல் வருமானால் மலையாள நாடு முழுவதும் அதுவாகவே இருந்திருக்க வேண்டுமே? இருக்க வேண்டியதில்லை. குறை தேங்காயெண்ணெயில் இல்லை. அதோடு சேர வேண்டியவை ஒவ்வொன்றாகக் கழன்று போனதில் இருக்கிறது. பூவாறு, பொழியூர், கொல்லங்கோடு கரையில் சாளையும் நெத்தோலியும் மலிந்த நாட்களில் மரச்சீனித் தட்டும் நிறைந்த தட்டுத்தான். மீன் புரதத்தையும் வைட்டமின் ஏ-யையும் வேறுவகைக் கொழுப்பமிலங்களையும் ஒருங்கே கொண்டுவருகிறது. கிழக்கே வெள்ளறடை, குன்னத்துகால் பக்கம் போகப் போக மீன் கருவாடாகச் சுருங்கும். கடல் கொந்தளிக்கும் ஆடியில் அதுவும் அருகும். ஆகவே இக்குறை இடத்தையும் மாதத்தையும் பொறுத்துத் திட்டுத்திட்டாக வந்திருக்க வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு. இது ஊகம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் கடற்கரையையும் மலையடிவாரத்தையும் ஒரே 'திருவிதாங்கூர் உணவு' என்று கூண்டில் வைத்த ஆய்வைவிட நிலத்துக்கு நெருக்கமான ஊகம். நகத்தில் தெரியும் வெளுப்பையும் குழிவையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது; அவை இரும்புக் குறைவின் அடையாளங்கள். 1920-களின் இறுதியில் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு திருவிதாங்கூரில் நடந்த கொக்கிப்புழு ஒழிப்பு வேலை சொல்வதுபோல், இரும்பைத் தின்றது பெரும்பாலும் குடலில் இருந்த புழு.

தலைக்குத் தேய்த்த எண்ணெய் தோலைக் காத்திருக்காதா என்பது அடுத்த கேள்வி. இங்கே முடியையும் தோலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முடிக்குத் தேங்காயெண்ணெய் சிறந்தது என்ற ஊர் நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறது. ரேலே, மொஹிலே ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், முடியிலிருந்து கழியும் புரதத்தைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை. லாரிக் அமிலத்தின் சிறிய, நேரான மூலக்கூறு முடித்தண்டுக்குள் ஊடுருவுவதே காரணம் என்றனர். கய்யோன்னி (கரிசலாங்கண்ணி) சாறு காய்ச்சிய எண்ணெயும், தலைகழுவும் செம்பருத்தி இலைத் தாளியும் அதன்மேல் வந்த சேர்மானங்கள். கய்யோன்னியும் செம்பருத்தியும் 1678 முதல் 1693 வரை வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' தொகுதிகளிலேயே இடம்பெற்றவை. ஆனால் தோலின் கதை வேறு. 1975-இல் பிராட்டி குழுவினர் கொழுப்பமிலக் குறைவால் தோல் உரிந்த நோயாளிகளின் மேல் சூரியகாந்தி எண்ணெயைத் தடவியே அந்தத் தோலைத் தேற்றினர். தேற்றியது அதிலிருந்த லினோலெயிக் அமிலம். அப்படியானால் சனிக்கிழமை தோறும் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் பூசி ஊறவைத்துக் குளித்த வீட்டுத் தோல், உணவில் குறைந்ததை ஓரளவு வெளியிலிருந்து பெற்றிருக்கலாம். தேங்காயெண்ணெயை மட்டுமே தேய்த்த வீட்டில் முடி செழிக்க, முழங்கை சொரசொரத்துக் கிடந்திருக்கலாம். ஒரே உடம்பில் முடியும் தோலும் எதிரெதிர் சேதி சொல்லும் இந்த வாய்ப்பை, 'நல்ல சத்து இருந்தால் முடி, தோல், நகம் மூன்றும் சேர்ந்து மினுங்கும்' என்று பொதுவாகச் சொல்லிச் செல்பவர்கள் கவனிப்பதில்லை.

நிக்கல்ஸுக்கு உரியதை அவருக்குத் தந்துவிட வேண்டும். முருங்கைக்கீரை இல்லாத வேலி இந்த வட்டாரத்தில் அரிது. அதன் 100 கிராமில் 6,780 மைக்ரோகிராம் கரோட்டீன் இருப்பதாகப் பழைய இந்திய உணவு அட்டவணை காட்டுகிறது. அவ்வளவு கீரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் கண் கெட்டதே என்ற வியப்புக்கு விடை எண்ணெயிலேயே இருக்கிறது. கொழுப்பில்லாத உணவில் கரோட்டீன் சரியாக உறிஞ்சப்படாது. மரச்சீனியும் மிளகாயும் வெறுங்கீரையும் உண்ட வயிற்றில் ஏ-யும் இன்றியமையாக் கொழுப்பமிலமும் ஒரே நேரத்தில் குறைந்திருக்கும். நிக்கல்ஸ் எண்ணிய நோயாளிகளில் சிலரிடம் இரண்டு குறைகளும் ஒன்றாக இருந்திருந்தால், அவர் ஏ-யைக் கண்டதில் பிழையில்லை. ஏ-யோடு நிறுத்திக்கொண்டதுதான் பிழை. தேங்காயைச் சார்ந்து வாழ்ந்த இலங்கையிலிருந்தே இந்த முடிவு புறப்பட்டது என்பதை நினைத்தால் அந்தப் பிழை இன்னும் உறுத்துகிறது. இரண்டில் எது முந்தியது, எல்லைப்புறத்து வீடுகளில் நல்லெண்ணெய் எந்தப் பத்தாண்டில் குறைந்தது என்பவை இன்னும் தீராதவை. அவற்றுக்கான விடையை நோய்ப் பதிவேடுகளைவிட, 1942-க்கு முன்னும் பின்னும் களியிக்காவிளைச் சந்தையில் எள்ளும் எண்ணெயும் என்ன விலைக்கு விற்றன என்பதில் தேடுவதே பயன் தரும்.